கண்ணாடியில் பெக் பூச்சு போட்டும் புரதம் ஒட்டுகிறது: ஓட்டை எங்கே?

கேள்வி: கண்ணாடித்துண்டு

75 × 25 மி.மீ. கண்ணாடித் தகடுகளில் புரதம் ஒட்டாத பூச்சு தேவைப்படுகிறது. மேலே பி.டி.எம்.எஸ். (சிலிக்கோன் ரப்பர்) கால்வாய் ஒட்டி, நீர்த்த இரத்தப் பிளாஸ்மாவை ஓட்டுவதுதான் இறுதி நோக்கம். இப்போதைய செய்முறை:

எத்தனாலும் நீரும் 95:5 கலவையில் 2% ஏப்டெஸ் (அமினோபுரோப்பைல் சிலேன்), 1 மணி நேரம். எத்தனாலில் அலசி 110° செ.-இல் 30 நிமிடம் சூடாக்கல். பிறகு 5,000 மூலக்கூறு எடையுள்ள மீத்தாக்சி பெக் (பாலிஎத்திலீன் கிளைகால் சங்கிலி), அமீனோடு பிணையும் என்.எச்.எஸ். எஸ்டர் முனையுடன், பி.பி.எஸ். தாங்கல் கரைசலில் (பி.எச். 7.4) மி.லி.க்கு 5 மி.கி., இரவு முழுவதும். அலசி உலர்த்தி, ஆக்சிஜன் பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) போட்டு பி.டி.எம்.எஸ். ஒட்டல்.

கால்வாய் ஒட்டாத வெறும் தகட்டிலேயே சோதித்தேன். ஒளிர்சாயம் ஏற்றிய பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரம் ஆல்புமின் புரதம், 1 மி.கி./மி.லி., 30 நிமிடம்) வெறும் கண்ணாடியில் ஒட்டுவதில் ஏறக்குறைய பாதி இதிலும் ஒட்டுகிறது. நீர்த்துளியின் தொடுகோணம் 45° வருகிறது. பெக் மூலக்கூறு எடையைக் கூட்டிப் பார்ப்பதா, வேறு வேதியியலுக்கே போய்விடுவதா?

---

பதில் 1: நீர்க்கோணம்

இரண்டும் வேண்டாம். பெக் எடையைக் கூட்டினால் நிலைமை மோசமாகவும் வாய்ப்புண்டு. நீளச் சங்கிலி சுருண்டு, பக்கத்து இடத்தையும் அடைத்துக்கொண்டு, அடுத்த சங்கிலியை உள்ளே விடாது. இங்கே குறைவது நீளம் அல்ல, நெருக்கம்.

முதல் குற்றவாளி பி.எச். என்.எச்.எஸ். எஸ்டர் வினைபுரிய அமீன் புரோட்டான் இல்லாமல் இருக்க வேண்டும். 7.4-இல் ஆல்கைல் அமீன்களில் மிகச் சிலவே அப்படித் தேறும். மீதியெல்லாம் நேர்மின் அம்மோனியமாக நிற்கின்றன. எஸ்டரோ அமீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீரால் சிதைந்துகொண்டே இருக்கும். பி.எச். 7, 0° செ.-இல் அதன் அரை ஆயுள் 4 முதல் 5 மணி நேரம். பி.எச். 8.6, 4° செ.-இல் 10 நிமிடம். அறை வெப்பத்தில் இன்னும் குறைவு. "இரவு முழுவதும்" வைத்ததில் வேலை நடந்தது முதல் சிறிது நேரம்தான். பிறகு இருந்தது வெறும் பெக் கரைசல். பி.எச். 8.3 முதல் 8.5, செறிவு அதிகம், நேரம் குறைவு, புதுக் கரைசலில் இரண்டு முறை என்று மாற்றுங்கள்.

இரண்டாவது குற்றவாளி ஏப்டெஸ். 5% நீரில் 2% ஏப்டெஸ் ஒரு மணி நேரம் நின்றால் கரைசலிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். அந்தத் திரள்கள் கண்ணாடிமேல் படியும். கிடைப்பது ஒற்றை அடுக்கு அல்ல, ஒரு பஞ்சு. அதன் உள்ளே இருக்கும் அமீன்களைப் பெக் எட்டாது. எட்டாத ஒவ்வொரு அமீனும் நேர்மின்சுமை. பி.எஸ்.ஏ.யின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (மொத்த மின்சுமை சுழியாகும் பி.எச்.) 4.7, அதாவது 7.4-இல் அது எதிர்மின்சுமை. பெக் போட்ட தகடு என்று நீங்கள் நினைப்பது பி.எஸ்.ஏ.யை இழுக்கும் காந்தமாகவும் இருக்கலாம்.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், புரதங்களையே கேளுங்கள். மூன்று புரதம் தனித்தனியாக, ஒரே நிபந்தனையில்: லைசோசைம் (14.3 கிலோடால்டன், ஐசோஎலக்ட்ரிக் புள்ளி 11 அளவில், நேர்மின்), பி.எஸ்.ஏ. (66.5 கிலோடால்டன், எதிர்மின்), ஃபைப்ரினோஜன் (340 கிலோடால்டன், 47 நா.மீ. நீளம், எதில் வேண்டுமானாலும் ஒட்டும் ரகம்).

லைசோசைம் மட்டும் ஒட்டினால் கண்ணாடியின் எதிர்மின் சிலனால் குழுக்கள் வெளியே தெரிகின்றன, அல்லது சிறிய புரதம் நுழையும் அளவு சந்து இருக்கிறது. பி.எஸ்.ஏ. ஒட்டி லைசோசைம் ஒட்டாவிட்டால் மிச்ச அமீன். மூன்றும் ஒட்டினால் சங்கிலிகளே போதவில்லை. கூடவே ஒரு தகட்டை 0.5 மோலார் சோடியம் குளோரைடில் அலசுங்கள். உப்பில் கழன்றால் மின்சுமை ஈர்ப்பு. உப்புக்கு அசையாமல் 1% எஸ்.டி.எஸ். சலவைப்பொருளில் மட்டும் கழன்றால் நீர்வெறுப்புப் பிடிப்பு.

அடர்த்தியையும் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிலிக்கான் துண்டைச் சேர்த்துப் போட்டு, ஒவ்வொரு படிக்குப் பின்னும் உலர் தடிமனை எலிப்சோமீட்டரில் (ஒளியால் மெல்லிய படலத்தை அளக்கும் கருவி) எடுங்கள். தடிமன் (செ.மீ.) × அடர்த்தி (பெக்குக்கு 1.1) × அவகாட்ரோ எண் ÷ மூலக்கூறு எடை என்பது ச.செ.மீ.க்கு எத்தனை சங்கிலி என்பது. 5,000 பெக் 1 நா.மீ. உலர் தடிமன் கொடுத்தால் சதுர நா.மீ.க்கு 0.13 சங்கிலி, சங்கிலிகளுக்கிடையே 2.8 நா.மீ. தூரம். நீரில் தனிச் சங்கிலியின் ஃப்ளோரி ஆரம் (சுருண்ட சங்கிலியின் பருமன்) 6 நா.மீ. அளவு. இடைவெளி அதில் பாதிக்கும் கீழே வந்தால் சங்கிலிகள் நெருக்குப்பட்டு நிமிர்ந்து தூரிகையாக நிற்கும். இடைவெளி 6-ஐ ஒட்டியே இருந்தால் தனித்தனிக் காளான்கள்தான். காளான்களுக்கு இடையில் புரதம் தாராளமாக இறங்கும்.

தொடுகோணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஏப்டெஸ் மட்டும் உள்ள தகடே 40 முதல் 60° காட்டும். பெக் தகடு 30 முதல் 40°. நீங்கள் சொல்லும் 45° ஏப்டெஸ் எல்லைக்குள்ளும் விழுகிறது, பெக் எல்லைக்குச் சற்று மேலேயும் நிற்கிறது.

---

பதில் 2: பட்டகம்

மேலே சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் அளக்கும் முறையைச் சரிபார்க்காமல் பூச்சைத் திட்டுவது சரியல்ல.

தகட்டைப் புரதக் கரைசலில் இருந்து எப்படி எடுக்கிறீர்கள்? இடுக்கியால் பிடித்து மேலே தூக்கினால் அங்கேயே சோதனை கெட்டுவிட்டது. புரதம் நீர்-காற்று எல்லையில் கூடும். 1 மி.கி./மி.லி. கரைசலில் சில நிமிடங்களிலேயே மேலே ஓர் ஏடு கட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாது. தகடு அந்த ஏட்டைக் கடந்து வெளியே வரும்போது அதையும் போர்த்திக்கொண்டு வரும். எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும் இது நடக்கும். பிறகு அலசினாலும், அதற்குள் உலர்ந்த ஓரங்கள் போகாது. படத்தில் இணைகோடுகளாகவோ, கீழ்விளிம்பில் தடித்த பட்டையாகவோ ஒளிர்ந்தால் அது ஏட்டின் வேலை, பூச்சின் குறை அல்ல.

தகடு மூழ்கியபடியே கரைசலை மாற்றுங்கள். பாதியை உறிஞ்சி எடுத்து அதே அளவு தாங்கல் கரைசலை ஊற்றுவது ஒரு சுற்று. பத்துச் சுற்றில் செறிவு 1,024-இல் ஒரு பங்காகிவிடும். அதற்குப் பிறகு வெளியே எடுக்கலாம். தாங்கல் கரைசலை ஒரு பக்கம் ஊற்றி, மேல்மட்டம் வழிந்து போகும்படி விடுவது இன்னும் நல்லது, ஏடும் சேர்ந்து வழிந்துவிடும்.

அடுத்தது சாயம். ஏற்றிய பிறகு தனிச் சாயத்தை ஜெல் வடிகட்டலில் நீக்கினீர்களா? சில சாயங்கள் நீர்வெறுப்பு மிக்கவை, புரதமே இல்லாமல் தாமே ஒட்டும். சாயம் லைசின்களில் ஏறுவதால் புரதத்தின் மின்சுமையும் மாறுகிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு சாயம் போதும். ஃப்ளோரெசீன் என்றால் இன்னொரு வம்பு: பி.எச். இறங்கினால் மங்கும், நெருக்கமாக ஒட்டினாலும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடியில் புரதம் நெருக்கமாக ஒட்டி ஒளி மங்கியிருந்தால், "பாதி" என்ற உங்கள் ஒப்பீடே தவறு. பெக் தகடு உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

சாயமில்லாமல் அளக்க வழியிருந்தால் அதுவே மேல். க்யூ.சி.எம்.-இல் (அதிரும் குவார்ட்ஸ் படிகத் தராசு) 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு 1 ஹெர்ட்ஸ் இறக்கம் என்பது ச.செ.மீ.க்கு 17.7 நானோகிராம். ஆனால் புரதத்தோடு ஒட்டிய நீரும் அந்த எடையில் சேரும். எஸ்.பி.ஆர். (உலோகப் பரப்பில் ஒட்டுவதை ஒளியால் அளக்கும்) கருவிகளில் 1,000 அலகு என்றால் ச.மி.மீ.க்கு 1 நானோகிராம், அதாவது ச.செ.மீ.க்கு 100. இந்த வகைப் பூச்சுகளில் ச.செ.மீ.க்கு 5 நானோகிராமுக்குக் கீழே வந்தால் மிகக் குறைவு என்று கணக்கு. புரதத்தின் ஒற்றை அடுக்கு சில நூறு நானோகிராம் வரும்.

இன்னொன்று. பி.எஸ்.ஏ. மிக எளிய தேர்வு. உங்கள் இலக்கு இரத்தப் பிளாஸ்மா. சீரத்தில் சோதித்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சீரம் என்பது உறைந்த பிறகு எடுப்பது, அதில் ஃபைப்ரினோஜன் இருக்காது.

---

கண்ணாடித்துண்டு

சாயம் ஃப்ளோரெசீன்தான், தகட்டைத் தூக்கித்தான் எடுத்தேன். இரண்டையும் மாற்றி, மூன்று புரதங்களையும் போட்டுப் பார்த்தேன். லைசோசைம் மிகக் குறைவு. பி.எஸ்.ஏ. கணிசமாக ஒட்டுகிறது, 0.5 மோலார் உப்பில் பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. ஃபைப்ரினோஜன் ஒட்டுகிறது, உப்பில் கொஞ்சம்தான் கழல்கிறது. சிலிக்கான் துண்டில் ஏப்டெஸ் 3.1 நா.மீ., அதன்மேல் பெக் கூட்டியது 0.3 நா.மீ.

ஒரு பக்கச் சந்தேகம்: 1% பி.எஸ்.ஏ.யை முதலில் ஓட்டிச் சந்துகளை அடைத்துவிட்டால் போதாதா?

---

நீர்க்கோணம்

எண்களே பேசுகின்றன. 0.3 நா.மீ. என்றால் சதுர நா.மீ.க்கு 0.04 சங்கிலி, இடைவெளி 5 நா.மீ. காளான் நிலை. ஏப்டெஸ் ஒற்றை அடுக்கு 0.6 முதல் 0.7 நா.மீ. இருக்க வேண்டும், உங்களுடையது நாலைந்து மடங்கு. லைசோசைம் அந்தச் சந்துகளில் சுலபமாக நுழையும் அளவுதான், ஆனால் கீழே இருக்கும் நேர்மின் அமீன்கள் அதைத் தள்ளிவிடுகின்றன. ஆகவே லைசோசைம் ஒட்டாததைப் பூச்சின் வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பி.எஸ்.ஏ. அடைப்பு ஒரு சில நிமிட ஆய்வுக்குச் சரி. இரத்தப் பிளாஸ்மாவில் நிற்காது. முதலில் ஒட்டிய புரதத்தை, மெதுவாக வந்தாலும் இறுகப் பிடிக்கும் வேறொன்று இடம்பெயர்க்கும். வ்ரோமன் விளைவு என்பது இதுதான். உங்கள் தகட்டில் பி.எஸ்.ஏ. மின்சுமையால்தான் பிடித்திருக்கிறது, அது எளிதில் இடம் மாறும்.

இப்படி மாற்றிச் செய்யுங்கள்.

கண்ணாடியை 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மீயொலித் தொட்டியில் 20 நிமிடம், நீரில் நன்றாக அலசி, உலர்த்தி, ஆக்சிஜன் பிளாஸ்மா 5 நிமிடம். நீர்த்துளி முழுக்கப் பரவ வேண்டும், கோணம் 10°க்குக் கீழே. உடனே சிலேனுக்குப் போங்கள். திறந்து வைத்தால் காற்றில் உள்ள கரிமப் பொருள்கள் படிந்துவிடும்.

சிலேன்: நீர் நீக்கிய டொலுயீன் 100 மி.லி., ஏப்டெஸ் 1 மி.லி., 70° செ., 1 மணி நேரம், மூடிய கண்ணாடிப் பாத்திரம், புகைவெளியேற்றிக்குள். பிளாஸ்டிக் பாத்திரம் கூடாது. கரைசல் மங்கலாகத் தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது, கொட்டிவிடுங்கள். டொலுயீனில் இருமுறை, எத்தனாலில் ஒருமுறை அலசி, 110° செ.-இல் 15 நிமிடம். பிறகு, பலரும் விட்டுவிடும் படி: 40° செ. நீரில் ஓர் இரவு. ஏப்டெஸின் அமீன் தன் சொந்தச் சிலாக்சேன் பிணைப்பையே வளைந்து வந்து தாக்கி நீராற்பகுக்க உதவும். கழலப்போவது இப்போதே கழன்றுவிட்டால் நல்லது, பெக்கைச் சுமந்துகொண்டு பிறகு கழல்வதைவிட. சிலிக்கான் துண்டில் 1 நா.மீ.க்குள் நிற்கவில்லை என்றால் அந்தத் தொகுதியை மேலே கொண்டுபோகாதீர்கள்.

பெக்: 10 மி.லி. நீரில் 84 மி.கி. சோடியம் பைகார்பனேட் (0.1 மோலார்), 1.05 கிராம் பொட்டாசியம் சல்ஃபேட் (0.6 மோலார்). பைகார்பனேட் கரைசல் அன்றன்று செய்தது. நின்றால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். 9 பக்கம் ஏறும், எஸ்டர் அவ்வளவு வேகமாகச் சாகும். சல்ஃபேட் எதற்கு என்றால், உப்பு மிகுந்தால் நீருக்கும் பெக்குக்கும் ஒத்துவராமல் சங்கிலி சுருங்கும். சுருங்கிய சங்கிலி குறைந்த இடமே பிடிக்கும், ஆகவே அதிகச் சங்கிலிகள் உட்காரும். உப்பைக் கழுவியதும் எல்லாம் விரிந்து ஒன்றையொன்று நெருக்கும். பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டால் இன்னொருவர் உட்கார இடம் கிடைப்பதுபோல. 0.6 மோலார் என்பது அறை வெப்பத்தில் பொட்டாசியம் சல்ஃபேட்டின் கரையும் எல்லையை ஒட்டியது, அறை குளிர்ந்தால் படிகம் விழும். பெக் சேர்த்ததும் பால்போல் கலங்கினால் உப்பைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கலங்குவதற்குச் சற்று முன்னே நிற்பதுதான் குறி.

பெக் எஸ்டர் மி.லி.க்கு 50 மி.கி. இவ்வளவா என்று மலைக்க வேண்டாம். தகட்டை மூழ்கடிக்கத் தேவையில்லை. இரண்டு தகடுகளின் பூச்சுப் பக்கங்களை எதிரெதிரே வைத்து நடுவில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் நுண்குழாய் விசையில் தானே பரவும். காற்றுக்குமிழி நின்ற இடம் பூச்சில்லாத வட்டமாகவே முடியும், ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். ஈரப்பதமான பெட்டிக்குள் 2 மணி நேரம், அலசி, புதுக் கரைசலில் மீண்டும் 2 மணி நேரம். தகடும் மற்ற எல்லாமும் தயாரான பிறகு, கடைசியாகப் பெக் தூளைக் கரையுங்கள். குப்பியை உறைபெட்டியில் இருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். குளிர்ந்த தூளில் ஈரம் படிந்தால் குப்பி முழுவதும் வீண்.

மூன்றாவதாக மூடிவைக்கும் படி: நான்கு அலகு நீளமே உள்ள குட்டிப் பெக்கின் என்.எச்.எஸ். எஸ்டர், 20 மில்லிமோலார், அதே பைகார்பனேட்டில் (சல்ஃபேட் இல்லாமல்), 1 மணி நேரம். நீளச் சங்கிலி நுழையாத இடத்தில் இது நுழைந்து மிச்ச அமீனை மின்சுமையற்ற அமைடாக்கும். உங்கள் பி.எஸ்.ஏ. பிரச்சினையில் பெரும்பகுதியை இந்த ஒரு படியே தீர்க்கும் என்பது என் கணிப்பு. ஃபைப்ரினோஜன் பிரச்சினையைத் தீர்க்காது, அதற்கு நெருக்கம்தான் வேண்டும்.

---

பதில் 3: தூரிகை

நீர்க்கோணம் சொன்ன செய்முறை நல்லது, ஆனால் அதற்கும் ஒரு கூரை உண்டு. தயாராக உள்ள சங்கிலியைக் கொண்டுவந்து நடும் எந்த முறையிலும், நட்டவை புதியவற்றைத் தடுக்கும். நீர்க்காத இரத்தப் பிளாஸ்மாவில் மணிக்கணக்காக ஓட வேண்டும் என்றால் தரையிலிருந்தே வளர்க்க வேண்டும். பெக் தவிர்க்க இன்னொரு காரணம், ஆக்சிஜனும் இடைநிலை உலோக அயனிகளும் இருந்தால் அது மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து துண்டுதுண்டாகும்.

சல்ஃபோபீட்டெய்ன் மெத்தாக்ரிலேட் சுவிட்டர் அயனி மோனோமர். ஒரே அலகில் நேர்மின்னும் எதிர்மின்னும் இருப்பதால் மொத்தத்தில் சுமை இல்லை, நீரைப் பெக்கைவிட இறுகப் பிடித்துவைக்கும். புரதம் ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்த நீரை வெளியேற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் கட்டுப்படியாகாது.

அளவுகள், தொடங்குவதற்கு: அதே ஏப்டெஸ் தகட்டில் புரோமோ ஐசோபியூட்டிரைல் புரோமைடால் தொடக்கியை (சங்கிலி வளரத் தொடங்கும் குழு) ஏற்றிக்கொள்ளுங்கள் (உலர் டைகுளோரோமீத்தேன், டிரைஎத்திலமீன், பனிக்கட்டிக் குளிர்). மோனோமர் 2.8 கிராம் (10 மில்லிமோல்), மெத்தனாலும் நீரும் சமமாக 10 மி.லி., காப்பர் (II) புரோமைடு 2.2 மி.கி., ட்ரிஸ் பிரிடைல்மெத்தில் அமீன் 5.8 மி.கி. நைட்ரஜனைக் குமிழவிட்டு 30 நிமிடம். கடைசியாக 18 மி.கி. அஸ்கார்பிக் அமிலத்தை, காற்று நீக்கிய சிறிது நீரில், ஊசி வழியாக. அறை வெப்பம். 15, 30, 60, 120 நிமிடங்களில் ஒவ்வொரு சிலிக்கான் துண்டாக எடுத்துத் தடிமன் கோடு போடுங்கள், 20 முதல் 40 நா.மீ. உலர் தடிமனை நோக்குங்கள். மிகத் தடித்தால் நல்லதென்று நினைக்க வேண்டாம், மேல்பகுதி தளர்ந்து புரதத்துக்கு இடம் கொடுக்கும்.

கெடும் இடங்கள்: வளரவே இல்லை என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன், அல்லது தொடக்கி ஏறவில்லை. கரைசல் கெட்டியாகி ஜெல் ஆனால் தனி ரேடிக்கல்கள் ஓடியிருக்கின்றன, அஸ்கார்பிக் அமிலத்தைக் குறையுங்கள். முடிந்த தகட்டை வெறும் நீரில் மட்டும் அலசாதீர்கள். இந்தப் பாலிமர் உப்பில்லாத நீரில் தன் நேர்-எதிர் சுமைகளாலேயே தன்னைக் கட்டிக்கொண்டு சுருங்கும், நடுவில் சிக்கிய காப்பர் வெளியே வராது. 0.5 மோலார் வெதுவெதுப்பான உப்புநீரில் விரியவிட்டு, காப்பரைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ.யில் (50 மில்லிமோலார், பி.எச். 8) ஊறவைத்து, மீண்டும் உப்புநீர்.

பிற்பாடு ஏதாவது எதிர்ப்பொருளை நட வேண்டும் என்றால் மட்டும் கார்பாக்சிபீட்டெய்னுக்குப் போங்கள், சல்ஃபோபீட்டெய்னில் பிடித்துக்கொள்ளக் குழு இல்லை.

---

பட்டகம்

எல்லோரும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறோம். கேள்வியில் உள்ள செய்முறையின் கடைசி வரியைப் பாருங்கள்: பூச்சு போட்ட பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மா. அது கரிமப் பொருளை எரித்துத் துப்புரவு செய்யும் கருவி. நாள் கணக்கில் நட்ட பெக்கையும் தூரிகையையும் சில விநாடிகளில் அரித்துவிடும். வெறும் தகட்டில் எவ்வளவு நல்ல எண் வந்தாலும் கால்வாயில் அது இருக்காது. போதாக்குறைக்கு மூன்று பக்கச் சுவரும் பி.டி.எம்.எஸ்., நீர்வெறுப்பு, ஃபைப்ரினோஜனுக்கு விருந்து.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மா போட்டு ஒட்டுங்கள், பிறகு கால்வாய்க்குள் பூச்சு. நீர்த்த இரத்தப் பிளாஸ்மா, சில மணி நேரம் என்பதுதான் தேவை என்றால் பி.எல்.எல்.-கிராஃப்ட்-பெக் (பாலிலைசின்மேல் பெக் சங்கிலிகள் நட்டது) போதும்: 0.1 மி.கி./மி.லி., 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் தாங்கல் கரைசல், பி.எச். 7.4, 45 நிமிடம். பாலிலைசின் முதுகெலும்பு நேர்மின், ஆக்சிஜன் பிளாஸ்மா பட்ட கண்ணாடியும் பி.டி.எம்.எஸ்.-உம் எதிர்மின், நான்கு சுவரிலும் தானே படியும். ஒட்டிய சில நிமிடங்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். பி.டி.எம்.எஸ்.-இன் உள்ளே உள்ள குறுஞ்சங்கிலிகள் மேலே ஏறிவந்து மேற்பரப்பு மறுபடி நீர்வெறுப்பாகும், நேரம் போகப்போகப் பிடிப்பு குறையும்.

இதன் பலவீனம், பிடிப்பு வெறும் மின்சுமைதான். உப்பு மிகுந்த கரைசலோ, கடும் அமிலமோ காரமோ ஓட்டினால் உரிந்து வந்துவிடும். அப்படி ஓட்டும் திட்டம் இருந்தால் தூரிகை சொன்னதை மூடிய கால்வாய்க்குள் செய்யுங்கள். டைகுளோரோமீத்தேன் பி.டி.எம்.எஸ்.-ஐ ஊதவைத்து ஒட்டைப் பிளக்கும் என்பதால், தொடக்கியை ஏற்கெனவே சுமந்த சிலேனை எத்தனாலில் கரைத்து உள்ளே விடுவதுதான் வழி.

எதைப் போட்டாலும் கால்வாய் உலரக் கூடாது, காற்றுக்குமிழி ஓடக் கூடாது. குமிழியின் முன்விளிம்பும் நீர்-காற்று எல்லைதான், இரத்தப் பிளாஸ்மா ஓடும்போது ஒரு குமிழி கடந்தால் அது போன தடத்தில் ஏட்டைப் பூசிவிட்டுப் போகும்.